யார் சொன்னது? எப்படித் தெரியும்?

(பெரியகுளத்தில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)

கூலி, போனஸ், வேலை நேரம், வீட்டுமனைப் பட்டா — இவற்றைப் பற்றிப் பேசத்தான் நாம் வழக்கமாகக் கூடுகிறோம். இன்று எனக்குக் கொடுத்திருக்கும் விஷயம் வேறு. நம் உடம்பு, நோய், பயிர், பூச்சி ஆகியவற்றைப் பற்றி செல்போனில் செய்திகள் வந்து குவிகின்றன. அவற்றில் எதை ஏற்பது, எதைத் தள்ளுவது? இதுதான் விஷயம்.

“இதற்கு டாக்டரை அல்லவா அழைத்திருக்க வேண்டும்? பத்தாம் வகுப்புப் படித்த நீ என்ன பேசப் போகிறாய்?” என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்வி. நான் வைத்தியம் சொல்ல வரவில்லை. ஆனால் இந்த விஷயத்தில் ஒரு பெரிய தப்பைச் செய்தவன் என்ற முறையில் பேச எனக்கு உரிமை இருக்கிறது. ஆகவே சுயவிமர்சனத்திலிருந்தே தொடங்குகிறேன்.

நான் செய்த தப்பு

2017 பிப்ரவரி மாதம். 9 மாதக் குழந்தை முதல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் வரை அனைவருக்கும் தட்டம்மை – ரூபெல்லா தடுப்பூசி போடும் இயக்கம் தமிழ்நாட்டில் தொடங்கியது. ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் போட வேண்டும். ஊசி பள்ளிக்கூடத்துக்கு வந்து சேருமுன் வதந்தி வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்து விட்டது. “இந்த ஊசியால் பிள்ளைகளுக்கு மூளைக் கோளாறு வரும். பிற்காலத்தில் குழந்தை பிறக்காது. வெளிநாட்டுக் கம்பெனி நம் ஏழைப் பிள்ளைகளை வைத்துச் சோதனை நடத்துகிறது” என்றது அந்தச் செய்தி.

கடைசி வரிதான் என்னை ஏமாற்றியது. வெளிநாட்டுக் கம்பெனி, ஏழைப் பிள்ளைகள் — இந்த இரண்டும் ஒரே வரியில் வந்ததும் மேற்கொண்டு ஒன்றும் கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஆலை வாசலில் டீ குடித்துக்கொண்டே, நான் இருந்த மூன்று குழுக்களுக்கும் பார்வர்டு செய்து விட்டேன். அரை நிமிஷ வேலை.

நாலைந்து நாள் சென்றன. எங்கள் பகுதி கிராம சுகாதார நர்ஸ் என்னைத் தேடி வந்தார்.

“அண்ணே, உங்க தெருவுல ஒன்பது வீட்டுல ஊசி வேண்டாங்கிறாங்க. ஏம்மான்னு கேட்டா, தோழரே அனுப்பியிருக்காருன்னு செல்லைக் காட்டுறாங்க” என்றார்.

“கம்பெனிக்காரன் சோதனைக்கு நம்ம பிள்ளைகளைக் கொடுக்க முடியாதும்மா” என்று நான் வீறாப்பாகச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. நிதானமாகக் கேட்டார்: “இதை எழுதுனது யாருண்ணே? அவருக்கு இது எப்படித் தெரியும்? இதைப் பரப்புறதுல யாருக்கு லாபம்? நாளைக்கு ஒரு பிள்ளைக்கு அம்மை கண்டு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா, எழுதுனவரு வந்து பதில் சொல்லுவாரா?”

ஒரு கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. தோழர்களே, ஆலை நிர்வாகம் ஒரு நோட்டீஸ் ஒட்டினால் கையெழுத்து யாருடையது, தேதி என்ன, எந்தச் சட்டப்பிரிவு என்று வரிக்கு வரி கேட்கிறவன் நான். என் தெருப் பிள்ளைகளின் உயிர் சம்பந்தப்பட்ட செய்தியில், கையெழுத்தும் இல்லை, தேதியும் இல்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை.

தட்டம்மை சாதாரண நோயல்ல. உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீட்டின்படி, 2015ஆம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 49 ஆயிரம் பேர் தட்டம்மையால் மாண்டார்கள். பெரும்பாலோர் சிறு குழந்தைகள். கர்ப்பிணிக்கு ரூபெல்லா கண்டால் வயிற்றுக் குழந்தை காது கேளாமலோ, கண்ணில் புரையோடோ, இருதயக் கோளாறோடோ பிறக்கலாம். இதையெல்லாம் நான் பிறகுதான் படித்தேன். முன்பே படித்திருக்க வேண்டும்.

அந்த நர்ஸ் கேட்ட நாலு கேள்விகளைத்தான் இன்று உங்களிடம் ஒப்படைக்க வந்திருக்கிறேன். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதல் கேள்வி: யார் சொன்னது?

“ஒரு பெரிய டாக்டர் சொன்னார்”, “அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டுபிடித்து விட்டார்கள்” — இப்படித்தான் செய்திகள் தொடங்குகின்றன. எந்த டாக்டர்? எந்த ஊர்? எந்த வருஷம்? சொல்ல மாட்டார்கள்.

“என் மச்சான் அனுப்பினார், அவர் பொய் சொல்ல மாட்டார்” என்று நாம் நினைக்கிறோம். மச்சான் பொய் சொல்லவில்லை. மச்சானிடம் யாரோ சொன்னார்கள். அனுப்பியவர் வேறு, எழுதியவர் வேறு. வாட்ஸ்அப் செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால், எழுதியவனிடமிருந்து அது குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது என்று அர்த்தம். ஐந்து கை மாறிய வார்த்தைக்கு மச்சானின் நாணயத்தை ஜாமீனாக வைக்காதீர்கள்.

பெயர் இருந்தாலும் போதாது. பேசுகிறவருக்கு அது சொந்தத் தொழில்தானா? ரிங் பிரேம் ரிப்பேருக்கு லாரி மெக்கானிக்கை அழைப்போமா? வெள்ளைக் கோட்டைக் கண்டு மயங்க வேண்டாம். அது துணிக்கடையில் கிடைக்கிறது. பிரபலமான டாக்டரின் முகத்தையும் குரலையும் கம்ப்யூட்டரிலேயே போலியாகச் செய்து, அவர் மாத்திரை விற்பது போலக் காட்டுகிற காலம் இது.

2017ஆம் ஆண்டுச் செய்தியில் “வெளிநாட்டுக் கம்பெனி” என்றிருந்தது. அந்தத் தட்டம்மை – ரூபெல்லா ஊசி தயாரானது புனே நகரத்தில், சீரம் இன்ஸ்டிடியூட்டில். “சோதனை” என்றிருந்தது. அதே தட்டம்மை, ரூபெல்லா மருந்தோடு பொன்னுக்கு வீங்கிக்கான மருந்தும் சேர்ந்த எம்.எம்.ஆர். ஊசியை, வசதி படைத்தவர்கள் பல வருஷங்களாகத் தனியார் ஆஸ்பத்திரியில் பணம் கொடுத்துத் தங்கள் பிள்ளைகளுக்குப் போட்டு வந்தார்கள். அவர்கள் காசு கொடுத்து வாங்கிய பாதுகாப்பு நம் பிள்ளைகளுக்கு இலவசமாக வந்தபோது, நான் வாசலில் நின்று தடுத்திருக்கிறேன்!

இரண்டாவது கேள்வி: எப்படித் தெரியும்?

இந்தக் கேள்வியில்தான் விஞ்ஞானத்தின் உயிர் இருக்கிறது.

“ஊசியால் மூளைக் கோளாறு” என்ற புரளியின் வேர் எங்கே என்று பின்னால் தேடிப் பார்த்தேன். அது லண்டனில் இருந்தது. ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் 1998 பிப்ரவரியில் ‘லான்செட்’ என்ற பிரசித்தி பெற்ற மருத்துவப் பத்திரிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எம்.எம்.ஆர். ஊசிக்கும் ஆட்டிசம் என்ற வளர்ச்சிக் கோளாறுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற பீதி அதிலிருந்து பரவியது. அவர்கள் பார்த்தது எத்தனை குழந்தைகளை? 12 குழந்தைகளை!

ஆலைத் தோழர்களைக் கேட்கிறேன். ஆயிரம் ஸ்பிண்டில் ஓடுகிற மிஷினில், பன்னிரண்டில் இழை அறுந்ததைப் பார்த்து, “காலையில் வந்த புதுப் பஞ்சுதான் காரணம்” என்று மேஸ்திரி முடிவு கட்டினால் ஏற்பீர்களா? “பழைய பஞ்சு ஓடும்போது எத்தனை அறுந்தது? பக்கத்து மிஷினில் எத்தனை அறுகிறது? அதையும் எண்ணிப் பார்த்துச் சொல்லு” என்பீர்கள். விஞ்ஞானமும் அதையேதான் கேட்கிறது. ஊசி போட்ட குழந்தைகளில் எத்தனை பேருக்கு, போடாத குழந்தைகளில் எத்தனை பேருக்கு என்று இரண்டு பக்கமும் எண்ண வேண்டும்.

டென்மார்க் நாட்டில் அப்படி எண்ணினார்கள். 1999 முதல் 2010 வரை பிறந்த 6,57,461 குழந்தைகளைப் பல வருஷங்கள் கவனித்து, 2019ல் முடிவை வெளியிட்டார்கள். ஊசி போட்ட குழந்தைகளுக்கு ஆட்டிசம் அதிகமாக வரவில்லை. ஒரு பக்கம் 12 பேர். மறு பக்கம் ஆறரை லட்சம் பேர். எதை ஏற்பது?

இன்னொன்றையும் கவனியுங்கள். “இது புற்றுநோய்ச் செல்லைக் கொல்கிறது என்று நிரூபித்து விட்டார்கள்” என்று ஒரு கீரையைப் பற்றியோ பழத்தைப் பற்றியோ செய்தி வரும். எங்கே கொன்றது? கண்ணாடித் தட்டிலா, எலியின் உடம்பிலா, மனிதனின் உடம்பிலா? கண்ணாடித் தட்டில் இருக்கும் செல்லைப் பினாயிலும் கொல்லும். அதற்காகப் பினாயிலைக் குடிக்க முடியுமா? தட்டிலிருந்து எலிக்கு வந்து, எலியிலிருந்து மனிதனுக்கு வருமுன் பெரும்பாலான மருந்துகள் தோற்றுப் போகின்றன.

மூன்றாவது கேள்வி: யாருக்கு லாபம்?

லண்டன் கதை இன்னும் முடியவில்லை. பிரயன் டீர் என்ற பத்திரிகையாளர் துருவித் துருவி விசாரித்தார். தடுப்பூசிக் கம்பெனிகள்மீது வழக்குத் தொடுக்கத் தயார் செய்த வக்கீல்களிடம் வேக்ஃபீல்டு பணம் வாங்கியிருந்தது 2004ல் அம்பலமாயிற்று. பவுன் கணக்கில் நாலு லட்சத்துக்கு மேல் என்பது பின்னர் தெரிய வந்தது. கட்டுரைக்கு முந்திய ஆண்டே தன் சொந்தத் தட்டம்மை மருந்துக்கு அவர் காப்புரிமையும் கேட்டிருந்தார். 2010 பிப்ரவரியில் லான்செட் அந்தக் கட்டுரையை வாபஸ் வாங்கியது. மே மாதம் அவர் பெயர் பிரிட்டிஷ் டாக்டர்கள் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டது. பொய் இறந்தது லண்டனில். ஏழு வருஷம் கழித்து அதன் ஆவி என் செல்போனுக்குள் வந்து உட்கார்ந்தது.

‘அப்படியானால் கம்பெனிகள் யோக்கியர்களா?’ என்று கேட்பீர்கள். இல்லை, தோழர்களே! புகையிலைக் கம்பெனிகளைப் பாருங்கள். சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ரிச்சர்டு டால், பிராட்ஃபோர்டு ஹில் என்ற இரண்டு பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் 1950ல் எண்ணிக்கையோடு காட்டினார்கள். அமெரிக்கப் புகையிலைக் கம்பெனிகள் என்ன செய்தன? 1954 ஜனவரியில் 400க்கு மேற்பட்ட பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்து, “இன்னும் நிரூபணமாகவில்லை” என்றன. அவர்களுக்குப் பொய்யை நிலைநாட்ட வேண்டிய அவசியம் இல்லை. சந்தேகத்தைக் கிளப்பினால் போதும். புகைத்தவன் தொடர்ந்து புகைத்தான். லாபம் தொடர்ந்து வந்தது.

ஆகவே லாபக் கேள்வியை இரண்டு பக்கமும் கேட்க வேண்டும். கம்பெனிக்காரனிடமும் கேட்க வேண்டும். கம்பெனியைத் திட்டுகிறவனிடமும் கேட்க வேண்டும். “ஆஸ்பத்திரிகள் உங்களை ஏமாற்றுகின்றன” என்று அரை மணி நேரம் யூடியூபில் முழங்குகிறவர், கடைசி நிமிஷத்தில் தன் சூரணத்துக்கு விலை சொல்கிறாரா? கடைசி வரை பாருங்கள். சூரணம் விற்காவிட்டாலும், லட்சம் பேர் பார்த்தால் விளம்பரக் காசு வருகிறது. பயம்தான் அங்கே சரக்கு.

நம்மைப் போன்றவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பொய் நமக்குப் பிடித்த சட்டையைப் போட்டுக்கொண்டு வரும். சாமி கும்பிடுகிறவரிடம் சாமி பெயரில் வரும். என்னிடம் ஏழை பெயரில் வந்தது. ஒரு செய்தியைப் படித்ததும், “நான் அப்போதே சொன்னேனே!” என்று உங்கள் மனம் துள்ளினால், அங்கேதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

நான்காவது கேள்வி: யார் பொறுப்பு?

2018 ஜூலை. திருப்பூர். ஓர் இளம் தாய்க்கு யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் செய்ய முயன்றார்கள். குழந்தை பிழைத்தது. தாய் ரத்தப் பெருக்கால் மாண்டார்.

ஏன் இப்படி ஆகிறது? நிறைமாதக் கர்ப்பிணியின் கருப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் பாய்கிறது. குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளியே வந்ததும் கருப்பை இறுகிச் சுருங்கி, ரத்தக் குழாய்களை நெரித்து மூடிக்கொள்ளும். சில தாய்மாருக்கு அது இறுகுவதில்லை. யாருக்கு இறுகாது என்று முன்கூட்டி நிச்சயமாகச் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் ஊசி வேண்டும், ரத்தம் வேண்டும், பழகிய கை வேண்டும். செல்போனுக்குக் கை இல்லை.

“நம் பாட்டிமார் வீட்டில்தானே பெற்றார்கள்?” என்று அந்த மாதிரி வீடியோக்கள் கேட்கின்றன. உண்மைதான். பெற்ற பாட்டிமார் நமக்குக் கதை சொன்னார்கள். பெறும்போது செத்த பாட்டிமார் கதை சொல்ல வரவில்லை. பிழைத்தவர்களை மட்டும் எண்ணுகிற கணக்கு, கணக்கே அல்ல.

அடுத்த மாதமே, வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி தருவதாக விளம்பரம் செய்த ஒருவரைக் கோவையில் போலீசார் கைது செய்தார்கள். சரி. ஆனால் போன உயிர் போனதுதான்.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் குறை இல்லையா? உண்டு. நாமே அதற்காக மனுக் கொடுத்திருக்கிறோம், மறியல் செய்திருக்கிறோம். ஆனால் அங்கே ரிஜிஸ்தர் இருக்கிறது. யார் ஊசி போட்டார், எத்தனை மணிக்குப் போட்டார் என்று எழுத்தில் இருக்கிறது. நாம் போய்க் கேட்கலாம், சண்டை போடலாம். வீடியோக்காரனிடம் எந்த வாசலில் நின்று கோஷம் போடுவது?

நாட்டு மருந்தெல்லாம் பொய்யா?

இந்த இடத்தில் மூத்த தோழர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள்: “அப்படியானால் நம் மூலிகை, நம் அநுபவம் எல்லாம் பொய், இங்கிலீஷ் வைத்தியம்தான் மெய் என்கிறாயா?” இல்லவே இல்லை.

சீனாவில் தூ யூயூ என்ற பெண் விஞ்ஞானி. டாக்டர் பட்டம் பெற்றவர் அல்ல. வெளிநாட்டில் படித்தவரும் அல்ல. வியட்நாம் யுத்த காலத்தில் மலேரியாவுக்கு மருந்து தேடும் ரகசியத் திட்டம் ஒன்று 1967 மே 23ல் தொடங்கியது. பின்னர் அதில் சேர்ந்த அவரும் அவர் குழுவினரும் பழைய வைத்திய ஏடுகளிலிருந்து இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மருந்துக் குறிப்புகளைத் திரட்டினார்கள். ஒரு செடி சில சமயம் வேலை செய்தது, சில சமயம் செய்யவில்லை. சுமார் 1,600 வருஷத்துக்கு முந்திய ஓர் ஏட்டில், அந்தச் செடியைத் தண்ணீரில் ஊற வைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது, காய்ச்சச் சொல்லவில்லை. சூட்டில் மருந்து கெடுகிறதோ என்று அவருக்குப் பொறி தட்டியது. குறைந்த சூட்டில் சாரம் இறக்கினார். விலங்குகளில் சோதித்தார், 1972ல் தானே குடித்துப் பார்த்தார், அதற்குப் பிறகே நோயாளிகளுக்குக் கொடுத்தார். ஆர்ட்டிமிசினின் என்ற அந்த மருந்து பல லட்சம் உயிர்களைக் காத்தது. 2015ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே கேள்வி நாட்டு மருந்தா, இங்கிலீஷ் மருந்தா என்பதல்ல. சோதித்தார்களா, இல்லையா என்பதே கேள்வி.

இதே அளவுகோலை, வயலில் வேலை செய்யும் நமக்கு மிக நெருங்கிய விஷயத்தில் வைத்துப் பார்ப்போம்: பாம்புக் கடி. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டது. வருஷத்துக்குச் சராசரி 58 ஆயிரம். இறந்தவர்கள் யார்? பெரும்பாலும் கிராமத்து உழைப்பாளிகள்.

நம் வட்டாரத்தில் வாழைத் தோப்பில் சருகு அரிந்துகொண்டிருந்த ஒரு தோழரைக் கண்ணாடி விரியன் கடித்தது. உடனே ஒருவர் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். “இந்தப் பச்சிலையில் நூற்றுக்கணக்கானவர்கள் பிழைத்திருக்கிறார்கள்” என்று அதில் ஒருவர் சத்தியம் செய்தார். பச்சிலை தேடி, அரைத்து, கொடுத்து, காத்திருந்ததில் இரண்டு மணி நேரம் போயிற்று. பிறகுதான் பெரியகுளம் அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே அவர் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, ஆட்டாமல் 20 நிமிஷம் வைத்துப் பார்த்தார்கள். உறையவில்லை. விரியன் விஷம் ரத்தத்தில் ஏறியிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். தோழர் பிழைத்தார். ஆனால் ஒன்றரை மாதக் கூலி போயிற்று. வட்டிக்கு வாங்கிய கடன் நின்றது.

வீடியோக்காரர் சத்தியம் செய்தது பொய்யா? அதுதான் வேடிக்கை. அவர் சொன்னவர்கள் பிழைத்திருக்கக் கூடும். உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கில், உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 54 லட்சம் பேரைப் பாம்பு கடிக்கிறது. அவர்களில் விஷம் ஏறுவது 18 முதல் 27 லட்சம் பேருக்கு. மற்றவர்களைக் கடித்தது விஷமில்லாத பாம்பாக இருக்கும்; அல்லது விஷப் பாம்பே விஷம் இறக்காமல் கடித்திருக்கும். ஆக, பாதிக்குப் பாதி பேர் பச்சிலை கொடுத்தாலும் பிழைப்பார்கள், பச்சைத் தண்ணீர் கொடுத்தாலும் பிழைப்பார்கள். பெயர் பச்சிலைக்குப் போய்ச் சேருகிறது.

விஷமுறிவு மருந்து எங்கிருந்து வருகிறது தெரியுமா? நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றி, குதிரையின் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். அந்த விஷத்தைப் பிடித்துக் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் நம் தமிழ்நாட்டு இருளர் மக்கள். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தை 1978ல் அமைத்தார்கள். பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்துக்கொண்டு, பாம்பைத் திரும்பவும் காட்டிலேயே விட்டு விடுகிறார்கள். அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. எழுத்துப் படிப்பு அதிகமில்லாத உழைப்பாளியின் அநுபவமும் சோதனைச்சாலையின் பரிசோதனையும் கை கோத்த இடத்தில் பிறந்தது அந்த மருந்து. நம் அநுபவத்தை யாரும் இழிவு செய்ய வேண்டாம். சோதிக்காமல் விற்கவும் வேண்டாம்.

பாம்பு கடித்தால் நாலு கேள்வியும் வேண்டாம். இறுக்கிக் கட்டாதீர்கள். கீறாதீர்கள். வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108ஐ அழையுங்கள். வண்டி தாமதமானால் கிடைத்த வண்டியில் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மருந்து அங்கே இலவசம். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக் கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆகவே ஒவ்வொரு கடியும் கணக்கில் ஏற வேண்டும். மருந்து இருப்பில்லை என்றால் நாம் கேட்க வேண்டும்.

எங்கே தேடுவது?

‘செல்போனைத் தூக்கி எறி’ என்று நான் சொல்லவில்லை. நல்ல கிணறும் அதிலேதான் இருக்கிறது. சாக்கடையும் அதிலேதான் இருக்கிறது.

முதல் கிணறு உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அது உங்கள் பிள்ளையின் பள்ளி அறிவியல் புத்தகம். ரத்தம் எப்படி ஓடுகிறது, கிருமி எது, தடுப்பூசி எது என்று எளிய தமிழில் இருக்கிறது. இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. அடிப்படை தெரிந்தவனை ஏமாற்றுவது கஷ்டம். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்தும் ‘துளிர்’ பத்திரிகையையும் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுங்கள்.

உடம்பு விஷயத்துக்கு உங்கள் பகுதி சுகாதார நர்ஸ் இருக்கிறார். ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. 104 என்ற எண் இருக்கிறது. படிக்க வேண்டுமானால் உலக சுகாதார ஸ்தாபனம், மாநிலப் பொது சுகாதாரத் துறை ஆகியவற்றின் பக்கங்களைத் தேடுங்கள். விக்கிப்பீடியாவில் தமிழிலும் கட்டுரைகள் உண்டு. அதை யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம். ஆகவே கட்டுரையின் அடியில் ஆதாரம் கொடுத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் படியுங்கள். கல்லூரியில் படிக்கும் பிள்ளை இருந்தால், ‘பப்மெட்’ என்ற இலவசப் பட்டியலில் ஆராய்ச்சிக் கட்டுரையின் சுருக்கத்தைத் தேடச் சொல்லுங்கள். எலியா மனிதனா, எத்தனை பேர், யார் பணம் கொடுத்தது — இந்த மூன்றையும் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இப்போது கேள்வி கேட்டால் கம்ப்யூட்டரே பதில் எழுதித் தருகிறது. தயங்காமல் பேசுகிறது. ஆனால் தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே குரலில் சொல்லும். இல்லாத புத்தகத்தை இருப்பதாகவும் சொல்லும். அதனிடமும் ஆதாரம் கேளுங்கள். அந்த ஆதாரம் உண்மையில் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள்.

பயிர், பூச்சி விஷயத்துக்குக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இணையதளம் தமிழிலேயே இருக்கிறது. நம் பெரியகுளத்திலேயே தோட்டக்கலைக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. விவசாயிகளுக்கு 1800-180-1551 என்ற இலவச எண் உண்டு. 2018ல் கர்நாடகத்தில் முதன்முதலாகக் கண்ட அமெரிக்கப் படைப்புழு, அந்த வருஷமே நம் மக்காச்சோளத்துக்கும் வந்தது. “எந்தப் புழுவானாலும் இந்த மருந்தை அடி” என்று ஒரு செய்தி வரும். முதலில் புழுவைப் பாருங்கள். படைப்புழுவின் தலையில் தலைகீழ் ‘ஒய்’ எழுத்துப் போல ஒரு கோடு இருக்கும். வால் பக்கம் நாலு கரும்புள்ளி சதுரமாக இருக்கும். அது இல்லையென்றால் பூச்சி வேறு, மருந்து வேறு.

மருந்து அடிக்கிற கூலி நாம். ஏலத் தோட்டத்துக்கு ஜீப்பில் மலையேறும் தோழர்களுக்கும் இதைச் சொல்கிறேன். டப்பாவின் லேபிளில் வர்ண முக்கோணம் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம், அடுத்தது மஞ்சள், அதற்கடுத்தது நீலம், கடைசி பச்சை. பச்சை என்றாலும் விஷம் விஷமே. “ஒன்றும் செய்யாது, அடி” என்று தோட்டத்துக்காரர் சொன்னால், டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள். அதைக் கேட்பதற்குப் படிப்பு வேண்டாம். பத்துப் பேர் சேர்ந்து நின்றால் போதும்.

என்ன செய்ய வேண்டும்?

நம் குழுக்களில் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்வோம். உடம்பு, மருந்து, தடுப்பூசி பற்றி எந்தச் செய்தி வந்தாலும் நாலு கேள்விக்கும் பதில் கிடைக்கும் வரை யாரும் பார்வர்டு செய்யக் கூடாது. சந்தேகம் தீர்க்க இரண்டு தோழர்களைப் பொறுப்பாக்குவோம். தப்பாக அனுப்பியவர், அனுப்பிய அதே குழுவில் “தப்பு” என்று எழுத வேண்டும். அவரை யாரும் கேலி செய்யக் கூடாது. கேலிக்குப் பயந்தால் யாரும் தப்பை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

என் கதையைச் சொல்லி முடிக்கிறேன். வதந்தியால் பின்தங்கிப் போன அந்தத் தடுப்பூசி இயக்கத்தை 2017 மார்ச்சு மாதத்துக்கும் நீட்டித்தார்கள். அந்த நர்சோடு நான் ஒன்பது வீட்டுக்கும் போனேன். “நான் அனுப்பியது தப்பு. விசாரிக்காமல் அனுப்பி விட்டேன்” என்று வாசலுக்கு வாசல் சொன்னேன். ஏழு வீட்டில் ஊசி போட்டுக்கொண்டார்கள். இரண்டு வீட்டில் மறுத்து விட்டார்கள். “அன்னிக்கு ஒண்ணு சொன்னீங்க, இன்னிக்கு ஒண்ணு சொல்றீங்க. நாங்க எதை நம்புறது?” என்று ஒரு தாய் கேட்டார்.

அனுப்புவதற்கு எனக்கு அரை நிமிஷம் ஆனது. திருப்புவதற்கு ஒன்பது வாசல் ஏறி இறங்க வேண்டியிருந்தது. அப்படியும் இரண்டு வாசல் மூடியே இருந்தது. அந்தத் தாயின் கேள்வியைத்தான் தோழர்களே, இன்று உங்கள் முன் வைத்திருக்கிறேன். அடுத்த செய்தி வரும்போது, விரல் பொத்தானுக்குப் போகுமுன், ஒரு நிமிஷம் நின்று கேளுங்கள்: யார் சொன்னது? எப்படித் தெரியும்? யாருக்கு லாபம்? யார் பொறுப்பு?